மதுரைல சிவில் ஜட்ஜ் கோச்சிங் சேரலாமா? நாலு மாசம் போன கதை

மொதல்லயே சொல்லிடுறேன், இடத்தோட பேரு போடமாட்டேன், கமெண்ட்ல கேட்டாலும் சொல்லமாட்டேன். அங்க கிளாஸ் எடுக்குற ஒருத்தர் மேல எனக்கு அம்புட்டு மரியாதை, அதோட நானும் இதே ஊர் கோர்ட்லதான் தினமும் கவுன மாட்டிக்கிட்டு நிக்கணும். மதுரைக்குள்ள, கீழ ஜெராக்ஸ் கடை, மேல ரெண்டாவது மாடில கோச்சிங் சென்டர், அம்புட்டு தெரிஞ்சா போதும்.

நான் உசிலம்பட்டி பக்கம். லா முடிச்சிட்டு மூணேகால் வருஷமா ஜில்லா கோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். ஜூனியர்னா தெரியும்ல, வாய்தா வாங்குறது, கேஸ் கட்டு தூக்குறது, ரிட்டர்ன் ஆன பிளைண்ட்ட (வழக்கு மனுவ) சரி பண்ணி ரீபிரசென்ட் பண்றது, பெஞ்ச் கிளார்க் கிட்ட சிரிச்சு பேசி அடுத்த தேதிய தெரிஞ்சுக்கிறது. வீட்ல கேக்குறாங்க, எம்புட்டு நாளைக்கு இப்பிடியே பஸ் சார்ஜுக்கு சம்பாதிப்பேன்னு. அதான் 2025 ஆகஸ்ட்ல போய் சேந்தேன். ஆறு மாச பேட்ச், 28,000 ரூவா, மெட்டீரியலுக்கு தனியா 3,500. ரெண்டு தவணைல கட்டுனேன், பேரம் பேசி பாத்தேன், ஒரு ரூவா குறைக்கல.

சேந்ததுக்கு காரணம் ஃபீஸோ சிலபஸோ இல்ல, வாசல்ல இருந்த பேனர்தான், வெக்கமா இருக்கு சொல்ல. ஒரு பெரிய படிக்கட்டு படம் போட்டிருப்பாங்க. கீழ்ப்படில சிவில் ஜட்ஜ், அடுத்து சீனியர் சிவில் ஜட்ஜ், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட். உச்சில சுப்ரீம் கோர்ட்டோட மொத பெண் ஜட்ஜ் ஃபாத்திமா பீவி அம்மா போட்டோ, அதுக்கும் மேல மேகத்துக்குள்ள அமெரிக்கக் கொடியோட ஸ்ரீ சீனிவாசன் போட்டோ, "நெல்லை மண்ணின் மைந்தர், அமெரிக்க ஃபெடரல் நீதிபதி"ன்னு எழுதி, அடியில சிவப்புல "முதல் படி இங்கே". நான் அந்த முதல் படிக்கு நேரா நின்னு செல்ஃபி எடுத்தேன். எடுத்தேன் மக்களே, மறைக்க ஒண்ணுமில்ல.

சரி, இடம் எப்பிடின்னு மொதல்ல. நாப்பது பேரு உக்கார்ற ரூம்ல அறுபது பேரு, ஏசி ஒண்ணு ஓடும் ஒண்ணு சொட்டும், கடைசி பெஞ்ச்ல உக்காந்தா போர்டு தெரியாது. பொண்ணுங்களுக்கு பாத்ரூம் கீழ் மாடில, சாவி ரிசப்ஷன் அக்காட்ட வாங்கணும். தண்ணி கேன் இருக்கும், டம்ளர் இருக்காது. பைக் நிப்பாட்ட எடமே இல்ல, ரோட்ல விட்டா போலீஸ் தூக்கிருவாங்க. இதெல்லாம் எல்லா கோச்சிங் சென்டர்லயும் இருக்குற பஞ்சாயத்துதான், விடுங்க.

மெட்டீரியல்தான் வயித்தெரிச்சல். 3,500 வாங்கிட்டு குடுத்த கிரிமினல் லா புக்ல முக்காவாசி பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்). 2024 ஜூலை 1லருந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தாச்சு, ஐபிசில 511 பிரிவு இருந்தது இங்க 358 ஆச்சு, கொலை 302லருந்து 103க்கு போச்சு, ஊரே கிண்டலுக்கு சொல்ற 420 இப்ப 318ல நாலாவது உட்பிரிவு. இதெல்லாம் ஒரு ஏ4 ஷீட்ல டேபிள் போட்டு ஸ்டேப்ளர் அடிச்சு பின்னாடி சொருகியிருக்காங்க, அவ்வளவுதான் "அப்டேட்டட் எடிஷன்". வார நாள் கிளாஸ் எடுக்குற தம்பி (என்னைவிட சின்னப் பையன், நல்ல பையன்தான், மைக் இல்லாம கத்தி கத்தி தொண்டை போச்சு அவனுக்கு) மொத நாளே சொல்றான், ஐபிசிய மறந்துருங்கன்னு. நான் டெய்லி கோர்ட்ல பாக்குற கேஸ்ல பாதி பழைய பிரிவுலதான் ஓடிக்கிட்டு இருக்கு, 2023ல நடந்த அடிதடிக்கு 2025ல சார்ஜ் போட்டாலும் ஐபிசிலதான் போடணும், சம்பவம் நடந்த தேதிதான கணக்கு? கைய தூக்கி கேட்டேன். "அது டவுட் செஷன்ல பாப்போம்"னான். டவுட் செஷன்னு ஒண்ணு நாலு மாசத்துல நடக்கவே இல்ல.

அதவிட பெரிய கோவம் ஒண்ணு இருக்கு. என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு, லா ஃபைனல் இயர், விருதுநகர் பக்கத்துல ஒரு ஊரு, அப்பா தீப்பெட்டி கம்பெனில வேலை. ஃபுல் ஃபீஸ் கட்டி சேந்திருக்கு, பாஸ் பண்ண உடனே பரிச்சை எழுதி நேரா ஜட்ஜ் ஆயிரலாம்னு. 2025 மே 20ஆந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சுல்ல, சிவில் ஜட்ஜ் பரிச்சைக்கு குறைஞ்சது மூணு வருஷம் பிராக்டிஸ் வேணும்னு? 1993ல இருந்த ரூல், 2002ல எடுத்தாங்க, இப்ப திரும்ப கொண்டாந்தாங்க. ஏற்கனவே நோட்டிஃபிகேஷன் விட்டதுக்கு இல்ல, இனி வர்றதுக்கு எல்லாம் பொருந்தும். புரொவிஷனல் என்ரோல்மெண்ட்லருந்து (வக்கீலா தற்காலிகமா பதிவு பண்ண நாள்லருந்து) கணக்கு எடுத்துக்கலாம், ஜட்ஜ் கிட்ட லா கிளார்க்கா இருந்த காலத்தையும் சேத்துக்கலாம், ஆனா மூணு வருஷம் மூணு வருஷம்தான், பத்து வருஷ அனுபவம் உள்ள வக்கீல் சர்டிஃபிகேட் தரணும், அதுல கோர்ட்ல இருக்குற ஜட்ஜ் கையெழுத்தும் வேணும். இது ஆகஸ்ட்ல காசு வாங்குறப்ப ரிசப்ஷன்ல தெரியாதா? நான் போய் கேட்டா அக்கா சொல்லுது, "படிச்சது வீணா போகுமாம்மா, மூணு வருஷம் கழிச்சு எழுதட்டும்". மூணு வருஷம் கழிச்சு எழுதுறதுக்கு இப்பவே 28,000! அந்தப் புள்ள அழுதுச்சு, நான் அதைய கூட்டிட்டுப் போய் பருத்திப்பால் வாங்கிக் குடுத்தேன், வேற என்ன செய்ய. பாதிப் பணமாவது திருப்பி வாங்கணும்னு நாலு பேரு போய் ஆபீஸ்ல உக்காந்தோம், அடுத்த பேட்ச்ல "அட்ஜஸ்ட்" பண்றேன்னாங்க, இன்னும் அட்ஜஸ்ட் ஆகல.

இவ்வளவு வஞ்சுட்டு ஏன் நாலு மாசம் போனேன்னா, சனிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு சார் வருவாங்க. ரிட்டையர்டு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ். மாவட்ட முன்சீபா (சிவில் ஜட்ஜோட பழைய பேருதான்) சர்வீஸ்க்கு வந்து தென் ஜில்லா பூரா சுத்துனவங்க. வெள்ள வேட்டி, தோள்ல மஞ்சப்பை, பைக்குள்ள பேரெல்லாம் கருப்பு மைல அடிச்ச பழைய கட்டோட ஜெராக்ஸ். பவர்பாயிண்ட் கிடையாது, போர்டுல கூட எழுதமாட்டாங்க. நாப்பது நிமிஷம் பேசுவாங்க, மிச்ச ரெண்டரை மணி நேரம் நம்மள எழுத விடுவாங்க, எழுதறப்ப பின்னாடி வந்து நின்னு படிப்பாங்க, அதுதான் கிளாஸ்.

பரிச்சை பத்தி தெரியாதவங்களுக்கு: பிரிலிம்ஸ் 100 மார்க், அது உள்ள விடுற கேட் மட்டும்தான். மெயின்ஸ்ல நாலு பேப்பர், நாலும் 100. ஒண்ணு மொழிபெயர்ப்பு, இங்கிலீஷ்லருந்து தமிழ், தமிழ்லருந்து இங்கிலீஷ். மத்த மூணும் லா, அதுல ஒண்ணு சிவில் கேஸ்ல எழுவினா (கோர்ட் முடிவு பண்ண வேண்டிய தகராறுக் கேள்வி) வனைஞ்சு தீர்ப்பு எழுதுறது, இன்னொண்ணு கிரிமினல் கேஸ்ல குற்றச்சாட்டு வனைஞ்சு தீர்ப்பு எழுதுறது. அப்புறம் வைவா (நேர்முகத் தேர்வு) 60. 2023ல டிஎன்பிஎஸ்சி விட்ட நோட்டிஃபிகேஷன்ல 245 இடம். ஊர்ல இருக்குற சென்டர் எல்லாம் பிரிலிம்ஸ்க்கு அப்ஜெக்டிவ் கொஸ்டினா குத்தி குத்தி குடுக்குது, ஆனா வேலை முடிவாகுறது மெயின்ஸ்ல, அதுலயும் எல்லாரும் அசால்டா விடுற மொழிபெயர்ப்புல. நமக்கு தமிழ் தெரியாதாக்கும்னு நெனப்பு.

மொத சனிக்கிழமை சார் குடுத்தது ஒரு பழைய பத்திரம், ரெண்டு பக்கம். "ஷை சொத்தை நான் தங்களுக்கு ஒத்திக்கு விட்டு இன்றே சுவாதீனமும் கொடுத்துவிட்டபடியால்"னு ஒரு வரி (ஷைன்னா மேற்படி, சுவாதீனம்னா கைவசம்). அறுபது பேர்ல அம்பது பேருக்கு மேல ஒத்திய லீஸ்னு எழுதி வச்சிருந்தோம். மதுரைக்காரங்க வேற எப்பிடி எழுதுவோம், நம்மூர்ல லீஸுக்கு வீடு எடுத்தா ஒத்தி வீடுன்னுதான சொல்றோம். சார் ஒண்ணும் கோவப்படல. "லீஸ்னு எழுதிட்ட, இப்ப அவன் வாடகைக்காரன். ஆனா பத்திரத்துல அவன் கடன் குடுத்தவன், கடனுக்கு ஈடா நிலத்த சுவாதீனத்துல வச்சிருக்கான், கடன் தீந்தா நிலத்த திருப்பணும். ஒரு வார்த்தைல ஒரு விவசாயியோட மீட்புரிமைய தின்னுட்டியேம்மா"ன்னாங்க. அது யூஸுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ், சொத்துரிமை மாற்றுச் சட்டத்துல தனியா இருக்குன்னு நான் காலேஜ்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனவதான், ஆனா அதுவும் ஒத்தியும் ஒண்ணுன்னு மண்டைல ஏறல. என் தாத்தா நிலமே ஒத்தில கெடந்து மீட்டதுதான், எனக்கே ஏறல.

அடுத்த வாரம் சாட்சி வாக்குமூலம். "அவன் மல்லுக்கு நின்னான், நா அங்கிட்டு ஒதுங்குனேன், வெட்டிப்புடுவேன்னான்". இதை இங்கிலீஷ்ல எழுதணும். ஒருத்தன் மல்லுக்கு நின்னான்னா குஸ்தி போட்டான்னு எழுதுனான், கிளாஸே சிரிச்சுச்சு, சார் மட்டும் சிரிக்கல. சாட்சி சொல்லாதத ஜட்ஜ் எழுதக்கூடாது, சொன்னத விடவும் கூடாது, அப்பீல்ல மேல உக்கார்றவருக்கு அந்தக் கூண்டு தெரியாது, உன் காகிதம் மட்டும்தான் தெரியும்னு சொல்லிட்டு அடுத்த வரிக்கு போய்ட்டாங்க.

தீர்ப்பு எழுதுறதுல அவங்க பிடிச்ச பிடி எழுவினாதான். ஒரு கேஸ் குடுத்தாங்க, வாதி நிரந்தர உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன், தடை உத்தரவு) மட்டும் கேட்டிருக்கான், பிரதிவாதி உன் உரிமையே எனக்கு ஒப்பில்லன்னு எதிருரைல சொல்லியிருக்கான், நாங்க எல்லாரும் வாதி சுவாதீனத்துல இருக்காரா, உறுத்துக்கட்டளைக்கு உரியவரான்னு ரெண்டு எழுவினா போட்டு நாலு பக்கம் எழுதிட்டோம். "ஆரப்பாளையத்துல ஏற வேண்டியவன் மாட்டுத்தாவணில ஏறி உக்காந்திருக்க, இனிமே டிரைவர் எம்புட்டு நல்லா ஓட்டுனா என்ன"ன்னாங்க. உரிமையவே சீரியஸா மறுத்துட்டா விளம்புகை பரிகாரமும் (உரிமை எனக்குத்தான்னு கோர்ட் அறிவிக்கணும்னு) கேட்டிருக்கணுமே, வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு நிக்குமாங்கிறதுதான மொத கேள்வி, 2008ல அனதுலா சுதாகர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அதத்தான. அன்னைக்கு ராத்திரி உசிலம்பட்டி பஸ்ல போறப்ப என் சீனியர் ஆபீஸ்ல இருக்குற மூணு பிளைண்ட் ஞாபகத்துக்கு வந்துச்சு. திங்கக்கிழமை போய் பயந்துகிட்டே சீனியர்கிட்ட சொன்னேன், ஒண்ணுக்கு அமெண்ட்மெண்ட் போட்டோம். ஐபிசி டவுட்டையும் சாரே தீத்து வச்சாங்க, புதுசுக்கு புதுசு, பழைய சம்பவத்துக்கு பழசு, ரெண்டு புக்கும் மேசைல இருக்கணும், இன்னும் இருபது வருஷத்துக்கு இருக்கும்னு.

இப்ப பேனருக்கு வர்றேன். அதுதான் இந்த ரிவ்யூவோட மெயின் மேட்டர், ஏன்னா அத நம்பித்தான் நெறைய பேர் சேர்றாங்க.

செப்டம்பர்ல ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சு கீழ டீக்கடைல சார் தனியா நின்னாங்க. எனக்கு வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன், "சார் நீங்க ஏன் ஹைகோர்ட் போகல?" கேட்ட உடனே நாக்கை கடிச்சுக்கிட்டேன். சார் டீயை ஆத்திக்கிட்டே, "அதுக்கு அப்ளிகேஷன் ஃபார்ம் கிடையாதும்மா"ன்னாங்க.

அரை மணி நேரம் நின்னுகிட்டே சொன்னாங்க. பேனர்ல மொத மூணு படி உண்மை, அதுக்கு பரிச்சை, புரமோஷன், சீனியாரிட்டின்னு கணக்கு இருக்கு. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்க்கு வக்கீலா ஏழு வருஷம் இருந்தா நேரடியாவே போலாம், அரசியலமைப்புல 233ஆவது பிரிவு. நம்ம ஆர்.பானுமதி மேடம் அந்த வழிதான், 1988ல நேரடியா டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், 2003ல ஹைகோர்ட், 2014ல சுப்ரீம் கோர்ட். யாருன்னு தெரியாதவங்களுக்கு, 2006ல நம்ம மதுரை பெஞ்ச்ல உக்காந்து ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டவங்க அவங்கதான், எங்க ஊர்ப்பக்கம் அந்தப் பேரைச் சொன்னா இன்னும் மூஞ்சி சுருங்கும், அது வேற கதை.

நாலாவது படிதான் வில்லங்கம். ஹைகோர்ட் ஜட்ஜ் ஆக 217ஆவது பிரிவுல என்ன கேக்குதுன்னா, பத்து வருஷம் ஹைகோர்ட் வக்கீலா இருக்கணும், இல்ல பத்து வருஷம் நீதித்துறை பதவில இருந்திருக்கணும், அம்புட்டுதான். பரிச்சை இல்ல, இண்டர்வியூ போர்டு இல்ல. ஹைகோர்ட் தலைமை நீதிபதியும் அடுத்த ரெண்டு சீனியர் ஜட்ஜும் சேந்த கொலீஜியம் பேரை எடுக்கும், மாநில அரசு, கவர்னர்னு சுத்தி, உளவுத்துறை ரிப்போர்ட் ஒட்டி, டெல்லில சட்ட அமைச்சகம் போய், சுப்ரீம் கோர்ட் கொலீஜியம் பாத்து, கடைசில ஜனாதிபதி கையெழுத்து. 1993 தீர்ப்புலயும் 1998 கருத்துரைலயும் கட்டுன வழி இது. அத மாத்தி அரசும் உக்கார்ற மாதிரி ஒரு கமிஷன் கொண்டாந்தாங்க, 2015 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒண்ணுன்னு ரத்து பண்ணிருச்சு. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு மொத்தமே 75 இடம், சென்னை, மதுரை ரெண்டுக்கும் சேத்து. அதுல மூணுல ஒரு பங்குதான் கீழ்க்கோர்ட் சர்வீஸ்லருந்து எடுக்குறது வழக்கம். முன்சீபா வந்தவர் அந்த வரிசைக்கு வர்றதுக்குள்ள தலை வெளுத்துரும், 62ல ரிட்டையர்மெண்ட், சில வருஷம் கெடச்சா பெருசு.

"அப்ப ஃபாத்திமா பீவி மேடம்?"னு விடாம கேட்டேன். அவங்க 1958ல கேரளால முன்சீப், 1968ல சப் ஜட்ஜ், 1974ல டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், 1983ல ஹைகோர்ட், 1989ல சுப்ரீம் கோர்ட்டோட மொத பெண் நீதிபதி. 31 வருஷம். அதுலயும் 1989 ஏப்ரல்ல ஹைகோர்ட்லருந்து வயசாகி ரிட்டையரே ஆயிட்டாங்க, அக்டோபர்ல கூப்பிட்டு சுப்ரீம் கோர்ட்ல போட்டாங்க. அப்புறம் நம்ம கவர்னரா வந்ததுதான் நமக்கெல்லாம் தெரிஞ்சது. சார் சொன்னாங்க, அந்தம்மா போட்டோவ போட்டது தப்பில்ல, அடியில 31ன்னு வருஷத்த போடாததுதான் தப்புன்னு.

மேகத்துக்குள்ள இருக்குற நெல்லைக்காரர் கதை இன்னும் ஜோரு. வார நாள் தம்பி அவரப் பத்தி சொன்னது, "திருநெல்வேலில படிச்சு, அமெரிக்கா போய், ஃபெடரல் ஜட்ஜ் எக்ஸாம்ல டாப் பண்ணவர்". எல்லாம் தப்பு. குடும்பத்துக்கு பூர்வீகம் திருநெல்வேலி பக்கத்துல மேலத்திருவேங்கடநாதபுரம், அது சரி. பொறந்தது சண்டிகர்ல 1967ல, வளந்தது கான்சாஸ்ல லாரன்ஸ்ங்கிற ஊர்ல, அப்பா அங்க யுனிவர்சிட்டில கணக்கு புரொஃபசர். படிச்சது ஸ்டான்ஃபோர்ட்ல, சட்டமும் எம்பிஏவும் சேத்து. முடிச்சிட்டு ஒரு அப்பீல் கோர்ட் ஜட்ஜ்கிட்ட கிளார்க், அடுத்து சுப்ரீம் கோர்ட்ல சாண்ட்ரா டே ஓ'கானர்கிட்ட கிளார்க். கிளார்க்னா நம்ம பெஞ்ச் கிளார்க் இல்லங்க, ஜட்ஜ்க்கு கேஸ் படிச்சு குறிப்பு எழுதிக் குடுக்குற சின்ன வக்கீல். அப்புறம் பெரிய லா கம்பெனி, அரசாங்கத்தோட சொலிசிட்டர் ஜெனரல் ஆபீஸ், அங்க ரெண்டாவது எடம், சுப்ரீம் கோர்ட்ல இருபதுக்கு மேல கேஸ் வாதாடுனவர்.

ஜட்ஜ் ஆனது எப்பிடின்னா 2012 ஜூன்ல ஒபாமா பேரை அனுப்புனாரு, அந்த வருஷம் ஓட்டெடுப்பே நடக்கல, 2013 ஜனவரில திரும்ப அனுப்புனாரு, செனட் கமிட்டி உக்கார வச்சு கேள்வி கேட்டுச்சு, மே மாசம் 97க்கு 0ன்னு பாஸ் ஆச்சு. வாஷிங்டன் டிசி சர்க்யூட் அப்பீல் கோர்ட். 2020லருந்து அதுக்கே தலைமை ஜட்ஜ். எக்ஸாமும் இல்ல டாப்பும் இல்ல. அதவிட எனக்கு தலை சுத்துனது என்னன்னா, ஃபெடரல் ஜட்ஜ் ஆக லா டிகிரி வேணும்னு கூட அமெரிக்க அரசியலமைப்புல எழுதலையாம், வயசும் எழுதல, ரிட்டையர்மெண்டும் கிடையாது, ஒழுங்கா நடந்துக்கிட்டா சாகுற வரைக்கும் சீட்டு. நம்மாளுக்கு ஹைகோர்ட்ல 62, சுப்ரீம் கோர்ட்ல 65ன்னு கேட் போட்டு வச்சிருக்கோம்.

சாருக்கு அந்த ஊரு முறைல பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, கேள்விய எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க, டிவில ஓடுது. இங்க கொலீஜியம் தீர்மானத்த வெப்சைட்ல போடுறதே 2017 அக்டோபர்லருந்துதான். எனக்கு அதுலயும் முழு நம்பிக்கை வரல. 2016ல மெரிக் கார்லண்ட்னு ஒருத்தர் பேரை ஒபாமா சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்புனப்ப செனட் கூப்பிட்டு ஒரு கேள்வி கூட கேக்காம வருஷத்த ஓட்டுச்சே (அந்த சீட்டுக்கு நம்ம நெல்லைக்காரர் பேரும் அடிபட்டுச்சு). அங்க கட்சி பாத்து கதவ சாத்துறான், இங்க கதவு எங்க இருக்குன்னே தெரியல. இத சொன்னப்ப சார் டீ கிளாஸ வச்சிட்டு, "நீ மொதல்ல எழுவினா ஒழுங்கா போடு"ன்னுட்டு பஸ் ஏறிட்டாங்க.

ஆக கோச்சிங் சென்டரால ஏத்தி விட முடிஞ்சது ஒரே ஒரு படி. அதத்தாண்டி இருக்குற படியெல்லாம் பேனர்காரன் பெயிண்ட். அந்த ஒரு படிக்கே இந்த சென்டர்ல ஒரே ஒரு ஆள்தான் கை குடுக்குறாரு.

அக்டோபர் 11, சனிக்கிழமை, சார் உள்ள வந்த உடனேயே பேப்பர விரிச்சாங்க. ரெண்டு நாள் முன்னாடி, 9ஆந் தேதி, சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு. சர்வீஸ்ல இருக்குற ஜட்ஜும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் நேரடி தேர்வு எழுதலாம், வக்கீலா இருந்ததும் ஜட்ஜா இருந்ததும் சேத்து ஏழு வருஷம் வந்தா போதும், குறைஞ்சது 35 வயசு. அதுவரைக்கும் முன்சீபா உள்ள போய்ட்டா புரமோஷனுக்கு வரிசைல நிக்கணும், இல்ல டிபார்ட்மெண்டுக்குள்ள நடக்குற பரிச்சை. சார் குரல் கொஞ்சம் கம்முச்சு. "எங்க பேட்சுக்கு இது இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சு முடிக்கல, மஞ்சப்பைய அவுத்து அன்னைக்கு கட்ட எடுத்து குடுத்துட்டாங்க. வார நாள் கிளாஸ்ல இந்த தீர்ப்பு பத்தி நவம்பர் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை வரல. பேனர்ல மட்டும் மூணாவது படிகிட்ட "நியூ"ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க.

மாக் வைவா பத்தி ரெண்டு வரி போதும். கோட்டு போட்ட மூணு பேரு உக்காந்து ஜட்ஜ் ஆகி என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க, சமுதாயத்துக்கு சேவைன்னு சொன்னா தலையாட்டுவாங்க, அதுக்கு தனியா 1,500. போகாதீங்க.

யாரு சேரலாம்னு கேட்டீங்கன்னா, மூணு வருஷம் பிராக்டிஸ் முடிஞ்சு, கோர்ட்ல நெசமாவே நின்னு, மெயின்ஸ்க்கு எழுதிப் பழக ஆள் இல்லாதவங்க, சனிக்கிழமைக்காக மட்டும். இன்னும் காலேஜ்ல இருக்குறவங்க தயவு செஞ்சு காச குடுக்காதீங்க, ஒரு நல்ல சிவில் சீனியர்கிட்ட போய் சேருங்க, சாட்சி விசாரணை நடக்குறப்ப ஓரமா உக்காந்து டெபொசிஷன (சாட்சி வாக்குமூலத்த) நீங்களா மொழிபெயர்த்து பழகுங்க, அது ஃப்ரீ. பிரிலிம்ஸ்க்கு சென்டரே தேவையில்ல, நத்தம் ரோட்ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023 ஜூலைல தொறந்தது, நம்ம பணத்துல கட்டுனது, ஏசி சொட்டாது. பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம்) வாங்கிட்டுப் போய் உக்காந்தா போதும், நான் ஞாயித்துக்கிழமை அங்கதான் கெடக்கேன்.

ஸ்டார் கேட்டா, சென்டருக்கு ஒண்ணு, சாருக்கு அஞ்சு, சராசரி எடுத்துக்காதீங்க.

நவம்பர் கடைசில நின்னுட்டேன். நின்னப்ப ரிசப்ஷன்ல போய் சனிக்கிழமைக்கு மட்டும் தனியா ஃபீஸ் போட்டுத் தாங்கன்னு கேட்டேன், அப்பிடி ஒரு ஸ்கீமே இல்லன்னாங்க. பத்து நாள் கழிச்சு அந்த அக்காவே போன் பண்ணி, "யாருக்கும் சொல்லாத, மாசம் 1,500 குடுத்துட்டு வா"ன்னாங்க. நீங்களும் கேட்டுப் பாருங்க, மொதத் தடவை இல்லன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு சனி. போன வாரம் குடுத்த பாகப்பிரிவினை பத்திரத்துல ரெண்டாவது பக்கம் இன்னும் மொழிபெயர்க்கல, "வடவண்டைக்கு தெற்கு"ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன், அத விட்டுட்டு இங்க உக்காந்து ரிவ்யூ எழுதிக்கிட்டு இருக்கேன்.